குமுனையில் ஓர் இளவேனிற் பகல்

சித்திரைப் புத்தாண்டு பிறந்து, பெரியோரிடம் கைவிசேடமும் பெற்று, பலகாரத் தட்டுகள் வெறுமையாகிவிட்ட பின்னரும் பாடசாலை திறப்பதற்குச் சில நாட்கள் எஞ்சியிருந்தன. மட்டக்களப்பில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "இம்முறை எங்கே போகின்றோம்?" என்னும் கேள்வி எமது வீட்டில் எழுந்தது. பதின்மூன்று வயது மகனுக்குச் சிறுத்தையைக் காணவேண்டும். ஒன்பது வயது மகளுக்குக் கடல் இருந்தாற் போதும். பிள்ளைகளின் அம்மம்மாவோ வெற்றிலைத் தட்டை ஒருபுறம் தள்ளி வைத்துவிட்டு, "உகந்தைக்குப் போவோம். கதிர்காமத்துக்கு நடந்து போகிற கால் இனி எனக்கு இல்லை. கும்புக்கன் ஆற்றையாவது இன்னொருமுறை பார்த்துவிட வேண்டும்" என்றார்.

மூவரின் விருப்பங்களும் ஒரே திசையையே காட்டின. கிழக்கிலங்கையின் தென்கோடியில், கடலும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்குமிடத்தில், குமுனைத் தேசியப் பூங்கா இருக்கின்றது. சிங்களத்தில் அதனைக் குமண என்பர். அதன் வாயிலிலே உகந்தமலை முருகன் ஆலயம். தெற்கெல்லையிலே கும்புக்கன் ஆறு. ஆற்றைக் கடந்தால் யாலைக் காடு. அதனையும் கடந்தாற் கதிர்காமம்.

மறுநாட் காலை கட்டுச்சோறும் தண்ணீர்க் கலங்களும் சகிதம் வானில் ஏறினோம். அம்மம்மா தமது பயணப் பையினுள்ளே சிறிய பித்தளைச் செம்பொன்றையும் வைத்துக்கொண்டார். எதற்கென்று நாம் கேட்கவில்லை.

கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது, 1924ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் புதிய பாலத்தின் அருகே முதியவரைப் போல அமைதியாக நின்றது. ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே வீதி. கல்முனை கடந்து, 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவை அடைந்தபோது, "எங்கள் பாடப்புத்தகத்தில் வருகிறவரா?" என்று மகள் கேட்டாள். ஆமென்றதும் எழுந்து நின்று இருமருங்கும் பார்த்தாள். அவரே வீதியில் எதிர்ப்படுவார் என்று எண்ணினாள் போலும்!

அக்கரைப்பற்றுக்கு அப்பால் வயல்வெளிகள் விரிந்தன. பெரும்போகம் அறுவடையாகிச் சிறுபோகத்துக்கு உழவு தொடங்கியிருந்தது. புரட்டிய சேற்றிலே கொக்குகள் உழவு இயந்திரத்தின் பின்னாலேயே நடந்து திரிந்தன. தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி கடந்து பொத்துவிலை அடைந்தோம். மட்டக்களப்பிலிருந்து அவ்வூர் நூறு கிலோமீற்றருக்குச் சற்றே அதிகமான தூரம். அங்கிருந்து அறுகம் குடா மிக அண்மையிலேயே உள்ளது. அலைச்சறுக்கு விளையாட வந்த வெளிநாட்டவர்கள் பலகைகளைத் தோளிற் சுமந்து சென்றனர். மகள் கடலிற் கால் நனைத்தாள். அவளது பங்கு நிறைவேறிற்று.

அறுகம் குடாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தொலைவில் பாணமை என்னும் கிராமம். தமிழரும் சிங்களவரும் பல தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒரே குடும்பமாக வாழும் ஊர் அது. கண்ணகியம்மனை ஒரு சாரார் தமிழிலே அழைக்க, மறு சாரார் பத்தினித் தெய்வமென வணங்குவர். பாணமைக்குப் பின் வீதி செம்மண் பாதையாக மாறியது. மாலை வெயில் மரஞ்செடிகளின்மேற் சாய்ந்துகொண்டிருந்தது. யானைகள் குறுக்கிடும் பாதையாதலால், இருள்வதற்குமுன் உகந்தையை அடைந்துவிட வேண்டுமென்று சாரதி விரைந்தார்.

உகந்தமலையின் அடிவாரத்தில் இறங்கியபோது கோயில் மணி ஒலித்தது. பெரிய மாட கோபுரங்கள் இல்லை. பாறைக் குன்று, அதன் அடியில் முருகன் ஆலயம், உச்சியில் வள்ளியம்மன், குன்றெங்கும் நீர் நிறைந்த சுனைகள், பின்னணியில் ஓயாது முழங்கும் கடல், இவையே அத்தலத்தின் செல்வம். கல்லோடத்தில் ஏறி வந்து முருகன் இங்கே கரையிறங்கினான் என்பது ஐதிகம். ஓட வடிவிலான பாறையைக் கடற்கரையிற் காட்டுகின்றனர். ஆடிமாதத் திருவிழாக் காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கால்நடையாக வரும் அடியார்கள் இவ்விடத்திலே தங்கி, இளைப்பாறி, அதன்பின்னரே காட்டினுள் நுழைவர்.

அன்றிரவு மடத்துத் திண்ணையிற் பாய் விரித்துப் படுத்திருக்கையில், அம்மம்மா தமது கதையைச் சொன்னார். 1978ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாவது வயதில், தாய் தந்தையருடனும் அண்ணனுடனும் இவ்வழியே அவர் கதிர்காமத்துக்கு நடந்திருக்கிறார்.

"இரண்டாம் நாளே முள்ளுக் குத்திக் கால் வீங்கிவிட்டது. கும்புக்கன் ஆற்றைக் கடக்க முடியாமல் கரையிலே குந்தி அழுதேன். அண்ணன் அரிசி மூட்டையை முதலில் அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். 'அரிசியைவிட நீ பாரமில்லை' என்று சொல்லி என்னை முதுகிலே ஏற்றிக்கொண்டு போனான்."

"அந்த மாமா இப்போது எங்கே?" என்று மகள் கேட்டாள்.

"1990ஆம் ஆண்டு ஒருநாள் வேலைக்குப் போனார், மகள். அதன்பிறகு வரவில்லை" என்றார் அம்மம்மா. வேறெதுவும் சொல்லவில்லை. கடலின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பித்தளைச் செம்பு எதற்கென்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

விடியற்காலையிலேயே ஜீப் வண்டி வந்துவிட்டது. எமது வானை ஆலயத்தருகே விட்டுவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் அனுமதிச்சீட்டுப் பெற்றோம். வழிகாட்டியாக வந்த இளைஞர் பாணமையைச் சேர்ந்தவர். தாய் தமிழர், தந்தை சிங்களவர். "எனக்கு இரண்டு மொழியும் தாய்மொழிதான், ஐயா" என்று அவர் சிரித்தார். காட்டுச் சட்டம் மூன்றையும் அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: குறிப்பிட்ட இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கக்கூடாது, உரத்துப் பேசக்கூடாது, உள்ளிருந்து எதனையும் வெளியே கொண்டுசெல்லக்கூடாது.

செல்லும் வழியில் இப்பூங்காவின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறினோம். குமுனை வில்லைச் சூழ்ந்த பகுதி 1938ஆம் ஆண்டிலேயே பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டில் யாலைக் கிழக்குத் தேசியப் பூங்கா தோன்றியது. அதற்குக் குமண என்னும் இன்றைய பெயர் சூட்டப்பட்டது 2006ஆம் ஆண்டில். பரப்பு ஏறத்தாழ 356 சதுர கிலோமீற்றர். போர் காரணமாக 1985ஆம் ஆண்டில் மூடப்பட்ட இப்பூங்கா, 2003ஆம் ஆண்டிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிற்று. இத்தனைக்கும் பின்னர் 2010ஆம் ஆண்டில், உலகின் முக்கிய ஈரநிலங்களைக் காக்கும் றம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் குமுனை இடம்பெற்றது.

காலை ஒளியிலே காடு விழித்துக்கொண்டிருந்தது. பாலையும் வீரையும் முள்மரங்களும் மிடைந்த காடு ஓரிடத்தில் விலக, திடீரெனப் புல்வெளி தோன்றும். புல்வெளியின் முடிவிலே ஒரு களப்பு மின்னும். அதற்கப்பால் மணல்மேடும் நீலக்கடலும் தெரியும். புள்ளிமான் கூட்டமொன்று எம்மைக் கண்டு தலை நிமிர்ந்து, பின்பு அஞ்சாமல் மேயத் தொடங்கிற்று. காட்டெருமைகள் சேற்றிலே அமிழ்ந்து கிடந்தன. தோகையை விரித்தாடிய மயிலின் முன்னே பெட்டைகள் சிறிதும் பொருட்படுத்தாமல் இரை பொறுக்கின. ஈழநாட்டுக்கே உரிய காட்டுக்கோழிச் சேவல், பொன்னும் செம்மையும் கலந்த கழுத்தை நிமிர்த்தியபடி பாதையைக் கடந்து சென்றது.

சிறுத்தையின் காலடி ஒன்றை ஈரமணலில் வழிகாட்டி காட்டினார். மகன் வண்டியின் விளிம்பிற் சாய்ந்து நெடுநேரம் அதனைப் பார்த்தான். "இன்று விடியற்காலை போயிருக்கிறது" என்றார் அவர். சிறுத்தையை மட்டும் நாம் காணவில்லை.

குமுனை வில்லை நெருங்கியபோது, முதலில் எம்மை எட்டியது காட்சியன்று, ஓசை. நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாகக் கலந்து, தொலைவிலே ஒரு சந்தை கூடியதுபோற் கேட்டது. பின்னர் மரங்கள் விலகின. நீர் நடுவே நின்ற கிண்ணை மரங்கள் வெண்மை பூத்தாற்போலத் தோன்றின. பூவல்ல அவை; பறவைகள்! வெண்கொக்குகளும் இராக்கொக்குகளும் நீர்க்காகங்களும் மஞ்சள் அலகுடைய நாரைகளும் கரண்டிவாயன்களும் கிளைக்குக் கிளை கூடு கட்டிக்கொண்டிருந்தன. சுள்ளியைக் கவ்வியபடி வரும் ஆணும், அதனை வாங்கிக் கூட்டிலே செருகும் பெண்ணுமாக ஒவ்வொரு கிளையிலும் ஓர் இல்லறம் நடந்தது. கூழைக்கடாக்கள் நீரில் மிதந்தன. கரையோரத்தில் மரக்கட்டையென நாம் எண்ணிய ஒன்று மெல்ல அசைந்து முதலையாயிற்று.

இவ்வில்லின் பரப்பு ஏறத்தாழ 200 ஹெக்டேயர். கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றின் வழியே இதற்கு நீர் வருகின்றது. சிற்சில வேளைகளிற் கடல்நீரும் புகுந்துவிடும். மாரி மழையில் வில் நிறைகின்றது. மழை ஓய்ந்தபின் நீர் படிப்படியாக வற்றுகின்றது. வற்ற வற்ற, மீன்கள் ஆழமற்ற நீரில் நெருங்கிச் சேர்கின்றன. குஞ்சுகள் வாய் பிளந்து கத்தும் காலமும், இரை எளிதிற் கிடைக்கும் காலமும் ஒன்றாக அமைகின்றன. சித்திரையிலிருந்து ஆனி, ஆடி வரையிலான மாதங்களைப் பறவைகள் தேர்ந்துகொண்டதன் இரகசியம் இதுவே. நீர் நடுவே நிற்கும் மரத்துக்குக் குரங்கும் காட்டுப்பூனையும் எளிதில் வாரா. கீழே கிடக்கும் முதலைதான் இக்குடியிருப்பின் காவற்காரன்.

"நீர் மிக அதிகமானாலும் கூடாது, மிகக் குறைந்தாலும் கூடாது, உப்பு மிகுந்தால் மரங்களுக்கே ஆபத்து. மழை பிழைத்த வருடத்தில் பறவைகளும் குறைந்துவிடும்" என்று வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்பொழுதுதான் அந்தத் தவறு நேர்ந்தது.

வில்லின் மறுகரையிலே, கருநீலக் கழுத்தும் செந்நிறக் கால்களும் உடைய நெடிய நாரைகள் இரண்டு நின்றன. இலங்கையில் மிகச் சிலவாக மட்டுமே எஞ்சியிருக்கும் கருங்கழுத்து நாரைகள் அவை. மகன் ஆர்வ மிகுதியால் ஆசனத்தின்மேல் ஏறி நின்று, "அதோ! அதோ!" என்று உரக்கக் கூவிவிட்டான். அத்துடன் கையிலிருந்த தொலைபேசியும் ஏதோ ஒரு பாட்டை அலறிற்று.

மறுகணம் எம் அருகே நின்ற மரங்கள் இரண்டும் வெறுமையாயின. ஒரு பெரிய வெள்ளைச் சீலையை உதறியதுபோலப் பறவைகள் யாவும் மேலெழுந்தன. சிறகொலியில் எமது பேச்சே கேட்கவில்லை. "எவ்வளவு அழகு!" என்று மகள் கை தட்டினாள். வழிகாட்டியின் முகம் மட்டும் மாறிவிட்டது. கடிந்துகொள்ளவில்லை, கையை நீட்டிக் காட்டினார். வெறுமையான கிளையொன்றிலே இரண்டு காகங்கள் வந்து அமர்ந்திருந்தன. ஒன்று கூட்டினுள் அலகை விட்டு எடுத்தபோது, அதன் வாயில் வெளிர்நீல முட்டை ஒன்று இருந்தது.

"தாய்ப்பறவை எழும்பினால் இதுதான் நடக்கும், தம்பி. காகம் எடுக்காவிட்டால் வெயில் எடுக்கும். முட்டை சூடேற அதிக நேரம் வேண்டாம்" என்றார் அவர்.

பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அமர்ந்தன. நாம் மூச்சடக்கிக் காத்திருந்தோம். முட்டை பறிபோன கூட்டிலும் ஒரு கொக்கு வந்திறங்கிற்று. குனிந்து பார்த்தது; சுள்ளியொன்றை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்தது; பின்பு அதன்மேல் அமர்ந்துகொண்டது. மகன் தொலைபேசியை நிறுத்திப் பையினுள் வைத்தான். அவனது கண்கள் கலங்கியிருந்தன. யாவரும் மௌனமாயிருந்தோம். தவறு அவனுடையது மட்டுமன்று. தொலைபேசியை நிறுத்து என்று சொல்ல மறந்த பெரியோராகிய எமதுங்கூட.

அங்கிருந்து கும்புக்கன் ஆற்றங்கரைக்குச் சென்றோம். இறங்குவதற்கு அனுமதியுள்ள இடமொன்றில் வண்டி நின்றது. முதிர்ந்த மருத மரங்கள் இருமருங்கும் நின்று கிளைகளைக் கோத்துப் பந்தலிட்டிருந்தன. ஊவாப் பக்கத்து மலைச்சாரல்களிலிருந்து வரும் ஆறு, கடலை அடையுமுன் களைப்பாறுவதுபோல மெல்ல நகர்ந்தது. வெயிலில் வந்த எமக்கு அந்நிழல் தாய்மடியாயிற்று.

அம்மம்மா ஒரு மருத மரத்தின் வேரிலே கைவைத்து மெல்ல இறங்கினார். முதலை இல்லையென்று வழிகாட்டி நன்கு பார்த்து உறுதிசெய்த பின்னரே, ஓரமாக நீரிற் கால்வைக்க இடங்கொடுத்தார். கணுக்கால் அளவு நீரில் நின்றபடி அக்கரையையே அவர் நோக்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதே மரங்கள், அதே மணல். அரிசி மூட்டையை வைத்துவிட்டு வேகமாகத் திரும்பி வந்த அந்த அண்ணன் மட்டும் இல்லை. சிறிது நேரத்தின்பின் செம்பிலே நீரை முகந்துகொண்டு கரையேறினார். வீட்டுச் சுவாமியறையில் வைப்பதற்கென்றார்.

அவ்வேளையில் மகள் மயிலிறகொன்றைக் கண்டெடுத்து ஓடிவந்தாள். வழிகாட்டி தலையசைத்தார். "அதை எடுத்த இடத்திலே வைத்துவிடுங்கள், மகள். ஒருவருக்கு ஓர் இறகுதான். ஆனால் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்." சிறுமியின் முகம் வாடிற்று. அண்ணனுக்கு ஏற்கெனவே ஒரு பாடம், இப்பொழுது தங்கைக்கும். அவள் அம்மம்மாவின் செம்பையும் தன் கையிலிருந்த இறகையும் மாறிமாறிப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

அம்மம்மா அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டார். "உங்கள் தண்ணீர் இருக்கட்டும், அம்மா. அதை யாரும் கேட்கமாட்டார்கள்" என்று வழிகாட்டி அவசரமாகச் சொன்னார்.

"இல்லைத் தம்பி. பிள்ளைக்கு ஒரு சட்டம், கிழவிக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டுக்கொண்டே, அவர் மீண்டும் நீர்விளிம்புக்குச் சென்றார். செம்பைச் சரித்து, தர்ப்பணம் செய்வதுபோல அந்நீரை ஆற்றிலேயே வார்த்தார். உதடுகள் அசைந்தன. எவருடைய பெயரைச் சொன்னார் என்பது எமக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வருவார் வருவார் என்று எண்ணி, அண்ணனுக்கென ஒரு கைந்நீரும் வார்க்காதிருந்தவர் அவர். மகள் இறகை மருத மரத்தின் அடியிலே மெதுவாக வைத்தாள்.

திரும்பும் வழியில் எவரும் உரக்கப் பேசவில்லை. அம்மம்மாவே மௌனத்தைக் கலைத்தார். "நாங்கள் நடந்து வந்த காலத்தில், சோறு சமைத்த அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, கல்லையும் பழைய இடத்திலே போட்டுவிட்டுத்தான் எழும்புவோம். 'இது முருகன்ட காடு. நாம வழிப்போக்கர்' என்று அண்ணன் சொல்லுவான்." மகன் அவரது தோளிலே தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். களப்பொன்றின் அருகே ஒற்றை யானை நின்றது. அதனை முதலிற் கண்டவன் அவனே. ஆனாற் கூவவில்லை, சாரதியின் தோளை மெல்லத் தட்டி, விரலால் மட்டுமே சுட்டிக் காட்டினான். யானை எம்மைப் பொருட்படுத்தாது, புல்லைக் காலால் உதைத்துப் பிடுங்கி, மண்ணை உதறி உண்டது. வெகுநேரம் பார்த்திருந்தோம்.

குடும்பத்துடன் செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். கூடுகளைக் காணச் சித்திரை முதல் ஆனி வரையிலான காலமே உகந்தது. முதல்நாளே உகந்தையை அடைந்து, விடிந்தவுடன் காட்டினுள் நுழைதல் நன்று. வெயில் ஏறினால் விலங்குகள் நிழலை நாடிவிடும். தண்ணீரும் உணவும் போதிய அளவு கொண்டுசெல்லுங்கள். பொலித்தீன் பைகளைத் தவிருங்கள். கொண்டுசென்ற குப்பையை மீண்டும் கொண்டுவாருங்கள். தொலைபேசியின் ஒலியை வாயிலிலேயே நிறுத்திவிடுங்கள். இதனை அனுபவத்திலிருந்தே சொல்கின்றோம்.

வீடு திரும்பிய மறுநாள் மகனின் கொப்பியை மேசைமேற் கண்டோம். குமுனையிற் பார்த்தவற்றை வரிசையாக எழுதியிருந்தான்: மான், எருமை, மயில், முதலை, யானை, பதினேழு வகைப் பறவைகள். சிறுத்தை என்பதற்கு எதிரே 'காலடி மட்டும்' என்று இருந்தது. கடைசி வரியில், வேறு எழுத்துகளைவிடச் சிறிதாக, 'முட்டை ஒன்று. என்னால்' என்று எழுதியிருந்தான்.

பித்தளைச் செம்பு சுவாமியறையில் தன் பழைய இடத்தில் இருக்கின்றது. அம்மம்மா நாள்தோறும் காலையில் அதிலே கிணற்று நீரை நிறைத்து வைக்கின்றார்.